கண் நேரே, குதிகால் கீழே

குதிரையேற்றம் கற்றுக்கொடுப்பதில் ஒரு சௌகரியம், வாத்தியார் தரையில் நிற்கலாம். எழுபதுகளின் தொடக்கத்தில் அடையாறில் ஒரு சின்னப் பயிற்சிக்கூடத்தில் நானும் அப்படித்தான் நின்றுகொண்டு, "முதுகு நிமிரட்டும்! குதிகால் கீழே! கண் நேரே! கீழே பார்த்தா விழுவீங்க!" என்று கத்திக்கொண்டிருந்தேன். கல்லூரி நாளில் ஆறு முறை குதிரை ஏறியதுதான் என் தகுதி. அதில் நான்கு முறை இறங்கியது என் விருப்பத்தில் இல்லை. முதலாளி ஓய்வுபெற்ற மேஜர். அவருக்கு இது தெரிந்தால் அன்றைக்கே சீட்டுக் கிழியும். தெரியாததைச் சொல்லிக்கொடுத்துப் பிழைத்த அன்பர்களே, நான் ஏன் தரையை விட்டு நகரவில்லை என்பது உங்களுக்குப் புரியும்.

சம்மணம்

தி. நகர் ஜவுளிக்கடை அண்ணாச்சி, டாக்டர் சொல்லி உடம்பு இளைக்க வந்தவர். கடை மெத்தையில் சம்மணம் போட்டே பழகிய கால்கள். குதிரை நடந்ததும் முழங்கால் இரண்டும் தாமாக மேலே வந்துவிடும். ஒரு வாரம் கத்தினேன். கடைசியில் அவருக்கும் பொறுமை போயிற்று.

"தம்பி, நீங்க சொல்லுத மாதிரி கால வச்சா நான் விழுதேன். ஒருக்கா நீங்க ஏறிக் காட்டுங்களேன்!"

தாளம்

பத்மா மயிலாப்பூரில் பாட்டு டீச்சர். தம்பியின் பேண்ட்டைப் போட்டுக்கொண்டு வருவார். முதுகில் குற்றம் சொல்ல இடமில்லை. குதிரை ஓடும்போது ஓர் அடிக்கு எழுந்து மறு அடிக்கு உட்கார வேண்டும். "மனசுக்குள்ளே தாளம் போடுங்க" என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். பழக்கதோஷம், அவர் தன் தொடையில் போட்டார். விலாப் பக்கம் தட்டினால் வேகமாக ஓட வேண்டும் என்று பழக்கிய குதிரை அது. தட்டத் தட்ட ஓடியது. நான் வேலிக்கு வெளியே நின்று அலற, குதிரைக்காரர் கபாலிதான் பிடித்து நிறுத்தினார்.

இறங்கிய பத்மாவுக்கு மூச்சுகூட வாங்கவில்லை. "நான் ஆதி தாளம்தான் போட்டேன் சார், குதிரைதான் காலப்பிரமாணத்தை ஏத்திண்டே போறது!"

பாடம்

மறுநாள் அண்ணாச்சி தன் ஆசையை மேஜரிடமே சொல்லிவிட்டார். "ஏறிக் காட்டுமேன்" என்றார் மேஜர். ஏறினேன். முதுகை நிமிர்த்தினேன், குதிகாலைத் தாழ்த்தினேன். குதிரை நடந்தது, பிறகு ஓடியது, நான் விழவில்லை! அண்ணாச்சி பார்க்கிறாரா என்று ஒரே ஒரு தடவை கீழே பார்த்தேன். பார்த்த இடத்திலேயே விழுந்தேன்.

வேலை போயிற்று என்று மணலில் கிடந்தேன். வெட்கத்தில் எழுந்திருக்கவே மனமில்லை. கபாலி வந்து கை கொடுத்தார்.

"எய்ந்திரு சார். கீய பாத்தா வுயுவேன்னு டெய்லி கூவிக்கினு இருந்தியே, இன்னிக்குத்தான் அது எல்லாருக்கும் புரிஞ்சுது!"

மேஜர் விழுந்து விழுந்து சிரித்ததில் வேலை தப்பியது என்றாலும், அன்று முதல் அந்த ஒரு பாடத்தை நானே ஏறி, விழுந்து காட்டி நடத்த வேண்டியதாயிற்று என்பதால், இன்று நான் இத்தனை நிமிர்ந்து நடப்பது தன்மானத்தால் அல்ல, இடுப்பு வளையாததால்.