மரக்காரி இன்னும் வெளியே வரவில்லை

லிஃப்ட் மாமாவுக்குக் காது ரொம்பக் கூர்மை. ஓடுகிற மோட்டார் மேல் ஸ்க்ரூடிரைவரின் முனையை வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு, பெரிய டாக்டர் மாதிரி கண்ணை மூடுவார். "மூணாவது மாடிக் கதவுல ரோலர் தேஞ்சிருக்கு" என்பார். போய்ப் பார்த்தால் தேய்ந்துதான் இருக்கும். முப்பத்தோரு வருஷமாக லிஃப்ட் மெக்கானிக். ஊரில் இருக்கும் பாதி லிஃப்ட்டுகளின் இருமல், தும்மல் எல்லாம் அவருக்குப் பழக்கம். தான் மட்டும் நாலாவது மாடியில் இருக்கும் தன் வீட்டுக்குப் படியேறித்தான் போவார். கேட்டால், "சமையல்காரன் ஓட்டல்ல சாப்பிடுவானா?" என்பார்.

அப்பேர்ப்பட்ட காதுக்கு, தன் வீட்டுக்குள்ளேயே கேட்கும் ஒரு சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பதினொரு மாதமாகப் பிடிபடவில்லை.

தண்ணீர்ச் சத்தம். குழாயை மூட மறந்தது போல இல்லை. கல்லுக்கு நடுவில் மெல்லிசாக, மூச்சு விடாமல் ஓடுகிற மாதிரி. ஹாலில் உட்கார்ந்தால் கேட்கும். சமையலறைக்குப் போனால் குறையும். டீவி போட்டால் மறையும். அணைத்ததும், இத்தனை நேரம் காத்திருந்த ஆள் போலத் திரும்பத் தொடங்கும்.

பிளம்பரை மூன்று தடவை கூப்பிட்டாயிற்று. மூன்றாவது தடவை அவர் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"சத்தம் எனக்கும் கேக்குது சார். ஆனா சுவரு காஞ்சு கெடக்கே. எல்லாக் குழாயையும் மூடிட்டேன், மீட்டர்ல முள்ளு அசையல."

"அப்ப என்னதான்யா அது?"

"நான் பைப்ப பாக்குற ஆளு. பேயப் பாக்குறது வேற டிபார்ட்மெண்ட்." சிரித்தவர், மாமா சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "அந்தச் சின்ன ரூமு பூட்டியிருக்கே, அதையும் திறந்தா ஒரு பார்வை பாத்துடலாம்."

"அங்க பைப்பே கெடையாது" என்று மாமா பட்டென்று சொன்னார். பேச்சு அதோடு முடிந்தது.

அந்தச் சின்ன அறையில்தான் அவர் மனைவி, கட்டடத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் அத்தை, ஐந்து மாதம் படுத்திருந்தார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன அன்று சாத்திய கதவு. விளக்குமாறுகூட அதற்குப் பிறகு உள்ளே போனதில்லை. அதைத் தாண்டிப் போகும்போது மாமா எதிர்ச் சுவரில் மாட்டியிருக்கும் காலண்டரைப் பார்த்துக்கொண்டே போவார். அந்தக் காலண்டரும் போன வருஷத்தது.

அத்தை இருபது வருஷம் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் டைப் அடித்தவர். சும்மா படுத்திருப்பது அவருக்கு வியாதியைவிடப் பெரிய வியாதி. அவருடைய தங்கை ஒரு டேப்லெட் வாங்கிக் கொடுத்தாள். அந்தச் சமயத்தில் கட்டடத்துப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து ஒரே உலகத்தில் கட்டை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தார்கள். அந்த விளையாட்டில் மண்ணும் கட்டம், மாடும் கட்டம், சூரியனும் கட்டம். தோண்டலாம், அடுக்கலாம், மந்திரப்பொடியைக் கோடு போல் தூவினால் அதில் கரண்ட் ஓடிக் கதவு திறக்கும். இரண்டாவது மாடி சோடாபுட்டிதான் அதற்கு முதலாளி. பாலிடெக்னிக் படிக்கிற பெண், கண்ணாடி இல்லாவிட்டால் சுவரோடு பேசுவாள். அப்பா ஆபீஸில் தூக்கிப் போட்ட கம்ப்யூட்டரைச் செருப்பு அலமாரிக்குக் கீழே வைத்து, அதில்தான் மொத்த உலகத்தையும் ஓட்டினாள்.

பிள்ளைகள் படிக்கட்டில் உட்கார்ந்து போட்ட கூச்சலில், ஒருநாள் அத்தை கட்டிலிலிருந்தே கத்தினார்: "ஒண்ணு வாய மூடுங்க, இல்ல என்னையும் சேத்துக்கோங்க!"

சேர்த்துக்கொண்டார்கள். மற்றவர்கள் கோட்டை கட்டினார்கள், ரயில் விட்டார்கள், கோழியை வானத்துக்கு எறிகிற பீரங்கி செய்தார்கள். அத்தை மரம் மட்டும் வைத்தார். வரிசையாக நாற்பது கன்று. அவர் பொம்மையின் தலைக்கு மேல் "மரக்காரி" என்று பெயர் மிதக்கும். பிறகு அவர் மாமாவையும் உள்ளே இழுத்தார். மாமாவுக்கு வேறென்ன வரும்? ஒவ்வொருத்தர் கோட்டையிலும் ஒரு லிஃப்ட் வைத்தார். தண்ணீர்க் குழியின் அடியில் கொதிமண் என்று ஒரு கட்டையை வைத்தால் குமிழி கிளம்பி ஆளை மேலே தூக்கும். அதுதான் அங்கே லிஃப்ட். பிள்ளைகள் அதற்குள் மாட்டை ஏற்றிவிட்டார்கள். மறுநாள் மாமா அங்கே ஒரு பலகை நட்டார்: "அதிகபட்சம் ஒரு மாடு."

அந்த உலகத்தில் இரண்டு சட்டம் உண்டு. ஒன்று விளையாட்டின் சட்டம்: ஆள் பக்கத்தில் இருந்தால்தான் எதுவும் நடக்கும். நீங்கள் விலகிப் போனதும் அந்த இடம் அப்படியே உறைந்துவிடும். கன்று வளராது, தண்ணீர் ஓடாது. இன்னொன்று மாமா போட்ட சட்டம். ஒருதடவை ஒரு பையன் உள்ளே இருக்கும்போதே சோடாபுட்டி கம்ப்யூட்டரை அணைத்துவிட, அவன் பை நிறையச் சேர்த்திருந்த வைரமெல்லாம் காணாமல் போனது. அன்று மாமா அவளை நிற்க வைத்துச் சொன்னார்: "ஆள் உள்ள இருக்கும்போது மெயின இறக்கக் கூடாது. நான் கூண்டுக்குள்ள தலைய நீட்டிப் பாத்துட்டுத்தான் சுவிட்ச்சுல கை வைப்பேன். இத்தன வருஷத்துல ஒரு நாள் தவறினதில்ல." அதுவே எல்லாருக்கும் சட்டமாகிவிட்டது.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது அத்தை நாலு நாளில் வருவதாகச் சொன்னார். ஒன்பதாவது நாள், ஒரு குடோனில் லிஃப்ட் நடுவில் நின்று மூன்று பேர் மாட்டிக்கொண்டார்கள். மாமா மேலே சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே, "பயப்படாதீங்க, நான் இங்கதான் இருக்கேன்" என்று அவர்களுக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். யார் மாட்டினாலும் அவர் சொல்கிற வாக்கியம் அது. இறங்கிவந்து பையிலிருந்த போனை எடுத்தபோது, கொழுந்தியாளிடமிருந்து பதினான்கு அழைப்புகள்.

அதற்குப் பிறகு மாமா அந்த விளையாட்டைத் திறக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை மதியம் கதவு தட்டப்பட்டது. சோடாபுட்டி நின்றாள். பின்னால் படிக்கட்டில், பீரங்கி செய்த கூட்டம் ஒன்றும் தெரியாத முகத்தோடு உட்கார்ந்திருந்தது.

"மாமா, கம்ப்யூட்டர் சாகப் போகுது. ஃபேன் நின்னுடுச்சு, கருகுற வாடை வருது. இன்னைக்கே நிறுத்தி வேற மிஷினுக்கு மாத்தலன்னா, கட்டினது மொத்தமும் போயிடும்."

"மாத்திக்க. என்ன ஏன் கேக்குற?"

"நிறுத்த முடியல. உள்ள ஒரு ஆளு இருக்காங்க."

"யாரது? வெளிய வரச் சொல்லு."

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "அத்தை, மாமா."

மாமாவின் முகம் சிவந்தது. "மாட்டை ஏத்துனீங்க, சரின்னு விட்டேன். விளையாட்டுக்கு ஒரு அளவு வேணாம்?"

"சத்தியமா விளையாடல. பதினோரு மாசமா, உள்ள இருக்கிறவங்க லிஸ்ட்ல அவங்க பேரு இருக்கு. நான் நெனச்சா ஒரு பட்டன்ல வெளிய தள்ளிடலாம். கை வரல." அவள் தன் போனில் மாமாவின் பெயரிலேயே விளையாட்டைத் திறந்து நீட்டினாள். "நீங்களே போய்ப் பாருங்க."

மாமா வாங்கினார். அவர் பொம்மை, கடைசியாக நின்ற கோட்டை வாசலிலேயே நின்றது. நடந்தார். ரயில் பாதையைத் தாண்டி, ஏரியைச் சுற்றி, அத்தையின் மேடு வந்ததும் நின்றுவிட்டார்.

கன்று நட்ட இடத்தில் காடு இருந்தது. நாற்பதும் வெள்ளைத் தண்டோடு நெடுநெடுவென்று நின்றன. பக்கத்திலேயே இத்தனை நாளும் யாரோ இருந்தால் ஒழிய இப்படி வளராது. அது அவருக்குத் தெரியும்.

"நடுவுல குழி இருக்கு மாமா. பாத்துப் போங்க."

குழி ஆழமாக இருந்தது. விளிம்பில் நாலு விளக்கு. கீழே தண்ணீர் சுழன்றுகொண்டிருந்தது. அதற்குள், தலைக்கு மேல் "மரக்காரி" என்ற பெயரோடு, அந்தப் பொம்மை சுற்றிச் சுற்றி வந்தது. கை லேசாக ஆடியது. ஒவ்வொரு சுற்றிலும் ஒருதடவை முகம் இவர் பக்கம் திரும்பியது. திரும்பி, சுவரைப் பார்த்துப் போனது.

"சும்மா நின்னா இருபது நிமிஷத்துல விளையாட்டே வெளிய தள்ளிடும்" என்றாள் சோடாபுட்டி. குரல் இறங்கிவிட்டது. "தண்ணி தள்ளிக்கிட்டே இருந்தா ஆள் நடக்குறதா நெனச்சுக்கும். 'நான் ஆஸ்பத்திரில இருந்து வர்றதுக்குள்ள மரம் வளரணும், என்ன வழி'ன்னு கேட்டாங்க. நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

"இந்த விளக்கு?"

படிக்கட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. "நாங்கதான். இருட்டுல தனியா இருக்காங்களேன்னு." உடனே இன்னொரு குரல், "இவன் வச்சுட்டு ஓடியே வந்துட்டான் மாமா, செருப்புகூட…" என்றது. "விளையாட்டுல ஏதுடா செருப்பு?" என்று யாரோ அதட்ட, எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

போனிலிருந்து தண்ணீர்ச் சத்தம் வந்தது. கல்லுக்கு நடுவில் மெல்லிசாக, மூச்சு விடாமல். மாமா தலையைச் சாய்த்தார்.

"சத்தத்த முழுசாக் கொற."

குறைத்தாள். போன் ஊமையானது. தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

மாமா காலண்டரைப் பார்க்காமல், அந்தச் சின்னக் கதவிடம் போனார். பழக்க தோஷம், விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டினார். பிறகு திறந்தார்.

கட்டில் விரிப்பில் அத்தை எழுந்துபோன மடிப்பு அப்படியே இருந்தது. தலையணைக்குப் பக்கத்தில், சுவரோடு சார்த்தி வைத்த டேப்லெட் சார்ஜரில் செருகியபடி எரிந்துகொண்டிருந்தது. தொட்டார். சூடாக இருந்தது, ஆள் நெற்றி மாதிரி. திரையில் தெரிந்தது அத்தையின் பொம்மை பார்க்கிற காட்சி. கல் சுவர். கல் சுவர். கல் சுவர். ஒரு கணம் மேலே விளக்கு. மறுபடி கல் சுவர். பதினொரு மாதமாக இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

"அந்த மூலையில இருக்கிற பட்டன அழுத்தினாப் போதும் மாமா" என்றாள் சோடாபுட்டி, வாசலைத் தாண்டாமல். "வெளிய வந்துடுவாங்க. சீக்கிரம், வாடை அதிகமாகுது."

மாமா அழுத்தவில்லை. "குழிக்குள்ள வச்சா வெளிய எடுப்பாங்க? ரெண்டு மாடிக்கு நடுவுல நின்ன ஆள, மொதல்ல மாடி மட்டத்துக்குக் கொண்டு வரணும். அப்புறந்தான் கதவு." போனைக் கையில் எடுத்தார். "கொதிமண் யார்கிட்ட இருக்கு?"

படிக்கட்டில் பத்து விரல்கள் போன்கள் மேல் பறந்தன. இரண்டு நிமிஷத்தில் மூன்று பொம்மைகள் காட்டுக்குள் ஓடிவந்து மண்ணைக் கொட்டின. மாமா குழியின் பக்கவாட்டில் தோண்டி இறங்கினார். சுழலும் தண்ணீருக்கு அடியில் ஒவ்வொரு கல்லாக எடுத்துக் கொதிமண்ணை வைத்தார். உதடு மட்டும் அசைந்தது. "பயப்படாத. நான் இங்கதான் இருக்கேன்."

கடைசிக் கட்டையை வைத்ததும் குமிழி கிளம்பியது. சுற்றுவது நின்றது. மரக்காரி மெதுவாக, ஒரு குலுக்கல் இல்லாமல், மேலே வந்தாள்.

டேப்லெட்டில் கல் சுவர் கீழே இறங்கியது. விளக்கு வந்தது. அப்புறம் இலை. திரை முழுக்க இலை, வெள்ளைத் தண்டுகள், கட்டமான வெயில். மரங்களுக்கு நடுவில் ஒரு பொம்மை, தலைக்கு மேல் "லிஃப்ட்" என்ற பெயரோடு, இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றது.

மாமா கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். "நாப்பதும் புடிச்சிருக்கு பாரு" என்றார். பட்டனை அழுத்தினார்.

வீடு அமைதியானது. இத்தனை நாள் கேட்காத கடிகாரச் சத்தம் கேட்டது.

கீழே கம்ப்யூட்டரை நிறுத்தி, மாற்றி, புது மிஷினில் ஓடவிட்டார்கள். காடு ஒரு இலை குறையாமல் வந்து சேர்ந்தது. அடுத்த வாரம் பிளம்பர் தானாகவே வந்து விசாரித்தார்.

"சத்தம் நின்னுடுச்சா சார்?"

"நின்னுடுச்சு."

"நான் ஒண்ணுமே பண்ணலியே!"

"அதான் நின்னுடுச்சு."

மூன்று நாள் கழித்து சோடாபுட்டி மேலே ஓடிவந்தாள். மூச்சு வாங்கியது. "மாமா, லிஸ்ட்ல மறுபடி ஒரு ஆளு. வெளிய வரவே மாட்டேங்குறாங்க. காட்டுக்குள்ள தண்ணியில சுத்திக்கிட்டு…"

"பேரப் பாத்தியா?"

"பயத்துல பாக்கல."

"பாரு போ. புதுசா நாப்பது கன்னு வச்சிருக்கேன். வளர வேணாமா?"

இப்போதெல்லாம் இந்த ஊரில் ஏதாவது லிஃப்ட் ரிப்பேராகி, கூண்டுக்கு மேலே யாரோ சக்கரத்தைச் சுற்றும்போது, உள்ளே மாட்டிக்கொண்டவர்களுக்கு மெல்லிசாகத் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்கிறதாம். பயந்துபோய்க் கத்துவார்கள். மேலே ஒரு கருவிப் பையில், பவர் பேங்கில் செருகிய போன் ஒன்று கிடக்கும். பக்கத்திலிருந்து குரல் வரும்: "பயப்படாதீங்க, நான் இங்கதான் இருக்கேன்."