கொடியேறினால் மீன் மலிவு

நோர்வேக்கு வந்து இத்தனை வருடமாகியும், நல்லூர்க் கோயிலில் திருவிழாவுக்குக் கொடியேறிவிட்டது என்று கேள்விப்பட்டால் என் கால்கள் தாமாக மீன்கடைக்கு நடக்கும். விலை இறங்கியிருக்க வேண்டுமே! ஒரு தடவை கடைக்காரப் பெண்ணிடம், "எங்கள் ஊர்க் கோயிலில் திருவிழா தொடங்கிவிட்டது, இன்னும் விலை குறைக்கவில்லையா?" என்று கேட்டும்விட்டேன். சமயத்துக்கெல்லாம் விலைக்கழிவு கொடுப்பதில்லை என்றார் அவர், மிகப் பணிவாக.

அவர்மேல் பிழையில்லை. நான் குருநகரில் கத்தோலிக்க மீனவக் குடும்பத்தில் பிறந்தவன். நல்லூரில் கொடியேறினால் யாழ்ப்பாணத்தில் சைவ வீடுகள் திருவிழா முடியும்வரை மீன், இறைச்சி என்று மச்சம் எல்லாவற்றையும் நிறுத்திவிடும். கடலுக்கு விரதம் தெரியாது. வலையில் மீன் விழுந்துகொண்டே இருக்கும். வாங்க ஆளில்லாத பாறை மீனெல்லாம் எங்கள் சட்டிக்கு வரும். அப்பா முகத்தைத் தொங்கப்போட்டிருப்பார், நாங்கள் மூக்குமுட்டச் சாப்பிடுவோம். கேள்வி, அதாவது வாங்குவோரின் தேவை, குறைந்தால் விலை இறங்கும் என்று பள்ளிக்கூடத்தில் பொருளியல் ஆசிரியர் கோடு கீறி விளக்கியபோது, இதற்கு ஏன் இவ்வளவு சுண்ணக்கட்டி என்று நினைத்தேன்.

பிறகு நல்லூர்ப் பெண்ணான சுகந்தியைக் கட்டினேன். மீன் மலியும் காலத்தில் மீன் தொடமுடியாதவனாகிவிட்டேன்.

இந்த வருடம் விடுமுறையில் ஊருக்குப் போய், நல்லூரில் சுகந்தியின் வீட்டில் தங்கினோம். திரும்புவதற்கு முதல்நாள் வந்தது. அன்று கோயிலில் தேர்த் திருவிழா. காலையில் அக்கா குருநகரிலிருந்து தொலைபேசி எடுத்தாள்.

"தம்பி, நல்ல நண்டு வந்திருக்கு. கூழ் காய்ச்சிறன். மத்தியானம் வாறியோ?"

வைத்த கையோடு மாமி வந்தார். "தம்பி, இண்டைக்கு இஞ்சைதானே சாப்பாடு?"

ஒன்றை எடுத்தால் கைவிடும் மற்றதுதான் அதன் உண்மையான விலை. அமையச் செலவு என்று புத்தகம் அதைச் சொல்லும். கலியாணத்துக்குப் பிறகு அக்கா வீட்டில் நான் ஒருநாளும் இருந்து சாப்பிட்டதில்லை. அது அவளுக்குப் பெரிய மனக்குறை. எனக்குத் தலை சுற்றியது.

சுகந்திதான் முடிவெடுத்தாள். "நீங்கள் போங்கோ. அம்மாவோடை நான் கதைக்கிறன். ஆனா வந்து கிணத்தடியிலை முழுகிப்போட்டுத்தான் வீட்டுக்குள்ளை வரவேணும்."

நண்டை நினைத்தபடி போனேன். அக்கா ஊற்றிய கூழில் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் மரவள்ளியும் மிதந்தன. அகப்பையால் பானையின் அடிவரை கிண்டிப் பார்த்தேன்.

"எங்கை அக்கா நண்டு?"

"தேர் எண்டது பிறகுதான் ஞாபகம் வந்தது. என்னாலை நீ ஏன் மாமியார் வீட்டு வாசலிலை நிக்கவேணும்? அதைப் பக்கத்து வீட்டுக்குக் குடுத்திட்டன். குடி."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. செலவு முழுவதையும் அக்காவே ஏற்றுக்கொண்டிருந்தாள். மதிலுக்கு அப்பால் என்னுடைய நண்டு கொதிக்கும் வாசம் வந்தது. மூக்கைக் குருநகரிலும் நாக்கை நல்லூரிலும் வைத்துக்கொண்டு, இரண்டாவது கோப்பைக்கும் கையை நீட்டினேன்.