நாலு வயசுல ஃபெயிலா?

எந்தத் துணி கையில் கிடைத்தாலும் அக்கா முதலில் அதை உள்பக்கம் திருப்பிப் பார்ப்பாள். என் பட்டமளிப்புக்கு வாடகைக்கு எடுத்த கறுப்பு அங்கியையும் விடவில்லை. படம் எடுக்க எல்லோரும் காத்திருக்க, "தோள்ல தையல் விட்டிருக்குடி" என்று சாக்பீஸால் அதன்மேல் ஒரு வட்டம் போட்டாள். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி அந்த வெள்ளை வட்டத்தோடுதான் படத்தில் நிற்கிறாள்.

ஆயத்த ஆடை ஆலையில் அவளுக்கு செக்கிங் வேலை. பிழை இருந்தால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். முந்நூறு தையல் மெஷின் ஓடும் கூடத்தில் தொண்டை கிழியக் கத்தினால்தான் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்கும். தூரத்தில் இருப்பவர்களுக்குச் சிலேட்டில் எழுதித் தூக்கிக் காட்டுவாள்.

கொரோனாவில் எல்லாம் மூடியபோது, பாதுகாப்பு உடை தைக்க அந்த ஆலையை மட்டும் ஒரே மாதத்தில் திறந்துவிட்டார்கள். அக்காவின் கணவர் சரக்கு லாரியோடு எங்கோ மாட்டிக்கொண்டிருந்தார். அவர்களுடைய நாலு வயது மகள் வாண்டு என் பொறுப்பில். அவளுடைய மழலையர் பள்ளி தினமும் பத்து மணிக்கு ஃபோனில் வகுப்பு நடத்தியது. அக்காவின் ஃபோன் அவளோடு ஆலைக்குப் போய்விடும். என் ஃபோனில் அதே பத்து மணிக்கு என் வேலைப் பயிற்சி. வாண்டு என் மடியில் படுத்து என் பாடத்தைப் பார்த்தபடியே தூங்கிப்போவாள். ஒரு நாளாவது நான் விட்டுக்கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

ஆண்டு முடிவில் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. வருகை போதாததால் குழந்தை அதே வகுப்பில் இன்னொரு வருடம் இருக்க வேண்டுமாம்.

அக்கா கடிதத்தைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"நாலு வயசுல ஃபெயிலா? இவளுக்கு இன்னும் மூக்கு சிந்தவே ஒழுங்கா தெரியாது!"

"ஃபெயில்னா என்னம்மா?" என்றாள் வாண்டு.

"உன் ஸ்கூலுக்குப் புத்தி வரலைன்னு அர்த்தம். நீ போய் விளையாடு."

நான் பள்ளித் தாளாளருக்கு மூன்று கடிதங்கள் எழுதினேன். மூன்றிலும் 'தயைகூர்ந்து', 'பணிவன்புடன்'. பதில் இல்லை. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் கேட்கலாமென்றால், நிர்வாகம் மட்டுமே செய்தி போட முடியும்படி மாற்றிவிட்டிருந்தார்கள்.

"ஏன்டி பட்டதாரி, அவங்க பண்ண தப்புக்கு நீ எதுக்குடி கெஞ்சறே?"

அத்தனை வருடம் படித்து நான் கற்றது அழகாகக் குனிவதைத்தானா?

மறுநாள் அக்கா நேராகப் பள்ளிக்கே போனாள். நானும் கூடப் போனேன். கேட்டில் பூட்டு. பதிவேடு எடுக்க வந்திருந்த வகுப்பு டீச்சர் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றார். என் வயதுதான் இருக்கும்.

"என் கையில ஒண்ணுமில்லைங்க..."

"பிள்ளை முகத்தைக்கூடப் பாக்காம ஃபெயில்னு எழுதறீங்க. நீங்கெல்லாம் ஒரு டீச்சரா?" என்று அக்கா கத்தினாள்.

டீச்சர் கம்பியை இன்னும் நெருங்கி வந்தார். "ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு ஃபோன்ல மீட்டிங் இருக்கு. கண்டிப்பா வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஞாயிற்றுக்கிழமை ஃபோனைத் தண்ணீர்ச் சொம்பின்மேல் சாய்த்து வைத்தோம். திரை முழுக்கக் கட்டம் கட்டமாகப் பெற்றோர் முகங்கள். கீழ்க் கட்டத்தில் டீச்சர். தாளாளர் அம்மா இருபது நிமிடம் விதிமுறை பேசினார். எங்கள் எல்லோருடைய ஒலியையும் அடைத்துவிட்டிருந்தார்கள்.

"நம்ம வாயைக் கட்டிட்டு அவங்க பேசறாங்க பாரு" என்று அக்கா எழுந்து போனாள். பள்ளி எல்லாக் குழந்தைகளுக்கும் வாங்கச் சொல்லியிருந்த சிலேட்டில் வாண்டுடையதை எடுத்து வந்தாள். பெரிய எழுத்தில் எழுதிக் காமிராவுக்கு முன்னால் பிடித்தாள்.

'நாலு வயசுல ஃபெயிலா?'

தாளாளர் பார்க்காததுபோல் பேசிக்கொண்டே போனார். ஒரு நிமிடத்தில் இன்னொரு கட்டத்தில் ஒரு சிலேட்டு எழுந்தது: 'என் பையனும்.' பிறகு இன்னொன்று. சிலேட்டு அகப்படாத ஒரு அப்பா உள்ளங்கையில் எழுதிக் காட்டினார்.

"டீச்சர், சிலேட்டு காட்டறவங்களை எல்லாம் வெளிய எடுங்க. உடனே!"

டீச்சரின் கை அசைந்தது. அடுத்த நொடி ஒலி திறந்து, நாற்பது வீட்டு இரைச்சலும் ஒன்றாக வெடித்தது. யார் வீட்டிலோ நாய்கூடக் குரைத்தது.

"ஐயோ மேடம், கை தவறிப் பட்டுடுச்சு" என்றார் டீச்சர். ஆனால் மறுபடி அடைக்கவில்லை.

முந்நூறு மெஷினில் பழகிய குரல் எல்லாவற்றுக்கும் மேலே எழும்பியது. "மேடம், என் பொண்ணு எதுல ஃபெயில்? களிமண் உருட்டறதுலயா, மத்தியானம் தூங்கறதுலயா?"

இரண்டு நாளில் கடிதம் வாபஸ். பள்ளி திறந்தபோது வாண்டு மேல் வகுப்புக்குப் போனாள். கீழ் வகுப்பு வாசலில் வேறு டீச்சர் நின்றார்.

"முன்னாடி இருந்த டீச்சர் எங்க?" என்று அக்கா அலுவலகத்தில் கேட்டாள்.

"அவங்களை வேலையை விட்டு அனுப்பியாச்சு. அது உங்க குழந்தை விஷயம் இல்லைம்மா."

"என் விஷயம். விலாசம் குடுங்க."

கொடுக்கவில்லை. வீட்டு வாசலில் செருப்பை விடும்போது அக்கா சொன்னாள்: "அந்த டீச்சரைத் திருப்பிப் பாக்காமலே ரிஜெக்ட் பண்ணிட்டேன்டி."

வாண்டு இப்போது பெரிய பள்ளியில் படிக்கிறாள். அக்கா மட்டும் மாதம் ஒருமுறை, ஷிப்ட் முடிந்து வரும் வழியில் அந்தப் பழைய பள்ளி அலுவலகத்துக்குள் நுழைகிறாள்.

"மறுபடியுமா?" என்பார்கள்.

"விலாசம் கேட்டதுக்குப் பதில் வரலையே" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவாள்.

மன்னிப்பை நான் எழுதித் தரட்டுமா என்று ஒருமுறை கேட்டேன். "திட்டினது என் வாயி. அதுதான் கேக்கணும், நேர்ல" என்றாள்.

விலாசம் கிடைக்காமல் இன்னும் கேட்டபாடில்லை.