இடைவேளைக்குப் பின் ஓடாத கால்கள்

எண்பத்தாறாம் ஆண்டுக் கோடையில் எங்கள் ஊர் உதைபந்தாட்ட அணிக்குக் கோல் விழவில்லை.

எங்கள் ஊர் வேலணைத் தீவில், சாட்டிக் கடற்கரைக்குச் செல்லும் வழியில் உள்ளது. தீவுகளின் ஐந்து அணிகள் கூடி நடத்திய சுற்றுப்போட்டியில் முந்திய ஆண்டு வென்றவர்கள் நாங்கள். அவ்வாண்டோ முதல் இரண்டு ஆட்டங்களிலும் எதிரணியின் வலை அசையவே இல்லை. ஒன்று கோலின்றிச் சமநிலையில் முடிந்தது, மற்றொன்றில் தோற்றோம். நான் அப்போது பாடசாலையில் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்தேன். கழகத்தின் தலைவனும் நானே. வாழ்நாளில் பந்தைக் காலால் தொட்டவன் அல்லேன். எனினும் ஊரில் எது பழுதுபட்டாலும் அதற்குக் காரணம் கண்டு சொல்வது ஆசிரியனின் வேலை என்று ஊரார் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

வாசிகசாலையில் கூட்டம் கூடினோம். என் தமையனார் கழகத்தின் செயலாளர். ஆட்டத்திடலை ஒட்டியிருந்த கல்வீடு அவருடையது. எங்கள் அணியின் கோல் காத்த வாயிற்காவலன் தபாற்கந்தோரில் வேலை செய்தவன், வாய்த்துடுக்கன். அவன்தான் முதலிற் பேசினான்.

“சென்ரருக்குப் பந்து போகுதில்லை எண்டு ஒருத்தரும் சொல்லாதையுங்கோ. பந்து போகுது. அவன்தான் போறானில்லை.”

“விடியக் காத்தாலை இருந்து மரத்திலை ஏறி இறங்கிறவனுக்குப் பின்னேரம் எங்காலை கால் வரும்?” என்றார் இன்னொருவர்.

“காலோ பிரச்சினை?” என்றார் தமையனார். “கள்ளு முட்டியை வழிச்சு நக்கிப்போட்டு வந்து நிண்டா, பந்து ரண்டாத்தான் தெரியும். எதை அடிக்கிறது?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பின்னர் கரும்பலகையில் வட்டங்களும் அம்புக்குறிகளும் வரைந்து, இடப்புறத்திலிருந்து பந்து நடுவுக்கு எவ்வாறு வரவேண்டும் என்று ஒரு மணிநேரம் விளக்கினேன்.

“மாஸ்ரர், உந்த அம்புக்குறி என்ரை பக்கம் வந்தா நான் பிடிக்கிறதோ, விடுறதோ?” என்று வாயிற்காவலன் கேட்டதோடு கூட்டம் கலைந்தது. அடுத்த ஆட்டங்களிலும் கோல் விழாவிட்டால் முன்னால் ஆடுவோர் இருவரையும் நீக்கிவிடுவது என்று முடிவாயிற்று.

அவ்விருவரும் அக்கூட்டத்தில் இல்லை. அவர்களை அழைக்கவேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. சென்ரர் என்று நாங்கள் அழைத்த, நடுவில் ஆடுபவனுக்கு அப்போது இருபத்திரண்டு அகவை இருக்கலாம். இடப்புறத்தில் ஆடுபவன் அவனுடைய சிற்றன்னையின் மகன், இரண்டு மூன்று ஆண்டு இளையவன். இருவரும் கள்ளுச் சீவும் குடும்பத்தினர். ஊரின் மேற்கெல்லையிலுள்ள பனங்கூடலில் வாழ்ந்தனர். எங்கள் அணியில் அதற்குமுன் அக்குடும்பங்களிலிருந்து எவரும் ஆடியதில்லை. ஆனால் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவராய்ச் செருமனிக்கும் பிரான்சுக்கும் புறப்பட்டுவிட்டார்கள். வேறு சிலர் எங்கே போனார்கள் என்று ஊரில் உரக்கக் கேட்பதில்லை. பதினொருவர் தேறாத நிலையில், நானே பனங்கூடலுக்கு நடந்துபோய் அவர்களை அழைத்து வந்தேன். தமையனாரோடு அதற்காக வாதாடினேன், வென்றேன். அதை ஓர் அருஞ்செயலாகவே நெடுங்காலம் எண்ணியிருந்தேன்.

மரமேறிய கால்கள் அவை. நடுவில் ஆடுபவன் நின்ற இடத்திலிருந்து எழும்பினால், அவன் தலைக்கு மேலே வேறு தலை இராது. முந்திய ஆண்டு எங்கள் கோல்களில் பெரும்பாலானவை இடைவேளைக்குப் பின்னரே விழுந்தன. பிறர் களைத்துப்போகும் நேரத்தில் அவ்விருவரும் அப்போதுதான் வந்தவர்கள்போல் ஓடுவார்கள்.

நடுவில் ஆடுபவனின் தாய் எங்கள் வீட்டுக்கு நாடோறும் வருபவள். முற்றம் கூட்டி, நெல் புடைத்து, பின்புறத்திலேயே நின்று கூலி பெற்றுப் போவாள். கூட்டம் நடந்த மறுநாட் காலை, நான் கிணற்றடியில் முகங் கழுவிக்கொண்டிருந்தபோது அருகில் வந்து நின்றாள்.

“ஐயா, பெடியனை ரீமாலை நிப்பாட்டப் போறியளாம். உண்மையே?”

“அப்பிடி ஒண்டும் முடிவாகேல்லை.”

“நிப்பாட்டிப் போடாதையுங்கோ, ஐயா. அவன்ரை கூட்டாளியள் நாலு பேர் இயக்கத்துக்குப் போட்டாங்கள். இவனையும் வரச் சொல்லிக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாங்கள். மச் இருக்கு, மச் முடியட்டும் எண்டு இவன் நாளைக் கடத்திறான். அந்தப் பந்து ஒண்டுதான் அவனை இஞ்சை வைச்சிருக்கு. அதுவும் இல்லையெண்டா அவனைப் பிடிச்சு வைக்க என்னாலை ஏலாது.”

“நீ பயப்பிடாதை. நான் இருக்கிறன்,” என்றேன்.

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். அந்தக் கும்பிடு எனக்கு உவப்பாக இருந்ததை மறைக்கமாட்டேன்.

மூன்றாம் ஆட்டம் மண்டைதீவு அணியுடன் எங்கள் திடலில் நடந்தது. அன்று தலைவருக்கெனப் போடப்பட்ட கதிரையில் நான் அமரவில்லை. எதிரணியின் வாயிலுக்குப் பின்னாலுள்ள பூவரசின் கீழ்ப் போய் நின்றேன். முதற் பாதியில் அவ்விருவரிடமும் எக்குறையும் காணவில்லை. நடுவில் ஆடுபவன் அடித்த பந்தொன்று கம்பத்திற் பட்டுத் திரும்பியது. அணிகள் பக்கம் மாறியபோது நானும் மறு வாயிலுக்குப் பின்னால் போனேன். இடைவேளைக்குப் பின்னர் வந்தவனோ வேறொருவன் போலிருந்தான். இரண்டு முறை ஓடினான்; மூன்றாம் முறை இடுப்பிற் கைவைத்து நின்றுவிட்டான். உதடுகளை நாவால் நனைத்துக்கொண்டே இருந்தான். இளையவன் குனிந்து முழங்காலைப் பிடித்தபடி நின்றான். பந்து அவர்களைக் கடந்து போயிற்று. ஆட்டம் கோலின்றி முடிந்தது.

திரும்பும்போது, என் கதிரைக்கு அருகே ஆட்டக்காரர்கள் இளைப்பாறிய இடத்தில் இரண்டு சோடாப் போத்தல்களைக் கண்டேன். இரண்டும் திறந்திருந்தன, இரண்டும் நிறைந்திருந்தன. வாயைச் சுற்றி எறும்பு மொய்த்தது.

இந்த இடத்தில் தண்ணீரைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் தீவில் பெரும்பாலான கிணறுகள் உவர். நல்ல தண்ணீர்க் கிணறுகளுள் ஒன்று தமையனார் வளவில், திடலுக்கு அணித்தாய் இருந்தது. அதில் யார் யார் வாளி போடலாம், யார் யார் போடலாகாது என்பது எவரும் சொல்லாமலே எல்லாருக்கும் தெரியும். முந்திய ஆண்டு நாங்கள் வறிய அணி. மாட்டுவண்டியில் ஒரு பீப்பாய் நீர் வரும். அதன் குழாயடியில் பதினொருவரும் குனிந்து கையேந்திக் குடிப்பார்கள். வென்றபின் எங்களுக்கு மதிப்பு வந்துவிட்டது. இடைவேளையில் ஆட்டக்காரர்களுக்குத் தம் வீட்டிலிருந்தே தேசிக்காய்த் தண்ணீர் தருவதாகத் தமையனார் அறிவித்தார். குவளை போன்ற பளபளக்கும் பேணிகள் தட்டத்தில் வந்தன.

பேணி வந்ததும் வினாவும் வந்தது. “முன்னுக்கு நிண்டு அடிக்கிறவங்கள். அவங்கள் ரண்டு பேருக்கும் சோடா குடுப்பம். அதுதான் மரியாதை,” என்று தமையனாரே அதற்கு விடையும் கண்டார். போத்தலிற் குடித்தால் பேணியில் வாய் படாது. எங்கள் பக்கத்து வீடுகளில் இத்தகைய விருந்தினருக்குக் காலங்காலமாகச் சோடா உடைத்துக் கொடுப்பதன் பொருள் இதுதான். அது எனக்குத் தெரியும். தெரிந்தும், “நல்ல ஏற்பாடு” என்றேன்.

அன்று மாலை இளையவனை வழியில் நிறுத்திக் கேட்டேன்.

“உங்கள் ரண்டு பேருக்கும் சோடா பிடிக்காதோ?”

“பிடிக்கும், மாஸ்ரர். கடையிலை வாங்கிக் குடிக்கிறனாங்கள்தானே.”

“பின்னை ஏன் குடிக்காமல் வைச்சனீங்கள்?”

அவன் சைக்கிள் மணியை விரலாற் சுண்டிக்கொண்டு நின்றான். “எல்லாருக்கும் சோடா குடுத்தா நாங்களும் குடிப்பம். என்ரை அண்ணை சொன்னவர், தாகத்தோடையே விளையாடுவம் எண்டு. மூண்டு மச்சும் அப்பிடித்தான்.”

“என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?”

“முதல் ரண்டு மச்சும் நீங்கள் பக்கத்திலை கதிரையிலைதானே இருந்தனீங்கள், மாஸ்ரர்,” என்று சிரித்தான். பின்னர், கேளாமலே சொன்னான்: “இயக்கத்துக்குப் போனவங்கள் சொல்லுறாங்கள், அங்கை எல்லாருக்கும் ஒரே சட்டிதானாம். ஒரே சட்டியிலை குழைச்சு ஒரே சட்டியிலை சாப்பாடாம்.”

நான்காவது ஆட்டம் இறுப்பிட்டி அணியுடன். அதில் கோல் விழாவிட்டால் இருவரும் நீக்கப்படுவர். தமையனாரிடம் சென்று, எல்லாருக்கும் பேணியிற் கொடுங்கள், அன்றேல் எல்லாருக்கும் பீப்பாயைக் கொண்டுவாருங்கள் என்று சொல்வதற்கு எனக்கு ஒரு கிழமை இருந்தது. ஒவ்வொரு நாளும் சொல்லப்போனேன். ஒவ்வொரு நாளும் வேறெதையோ பேசிவிட்டுத் திரும்பினேன். இடைவேளைச் சீழ்க்கை ஒலித்தபோதுதான் துணிவு வந்தது. அதுவும் அரைத்துணிவு. தமையனார் வீட்டுத் தட்டத்தைத் தொடாமல், நாலைந்து வேலி தள்ளியிருந்த என் வீட்டுக்கு விரைந்து போனேன். மனைவி குசினியில் நின்றாள்.

“ஒரு பேணியிலை தண்ணி தாரும். கெதியா.”

“ஆருக்கு?”

“சென்ரருக்கு.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பின்கதவால் வெளியே போனாள். ஒரு பித்தளைப் பேணியோடு திரும்பி வந்தாள். அதை அலசி நிரப்பித் தந்தாள். நான் அதை இரு கையாலும் ஏந்தித் திடலின் நடுவே நடந்தேன். பேசிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் எழுந்து நின்று வாங்கினான். உதடுவரை கொண்டுபோனவன் நிறுத்தினான். பேணியைத் திருப்பி, ஒரு பக்கம் நசுங்கியிருந்த அதன் வயிற்றை விரலால் தடவிப் பார்த்தான்.

“மாஸ்ரர், இது உங்கடை பின்வேலியிலை செருகிக் கிடக்கிற பேணி,” என்றான். “அம்மா தண்ணி குடிக்கிறது இதிலைதான்.”

அவன் குரலை உயர்த்தவில்லை. பேணியைச் சரிந்துவிடாமல் புல்லின்மேல் வைத்தான்.

“என்ன, துரைக்கு அதுவும் பிடிக்கேல்லையோ?” என்று தமையனாரின் குரல் கேட்டது. சிலர் சிரித்தார்கள்.

மனைவி எடுத்துத் தந்ததை அவசரத்தில் நான் கவனிக்கவில்லை என்று இங்கே எழுதிவிடலாம். மறுப்பதற்கு இன்று எவரும் இல்லை. ஆனால் அவள் பின்கதவால் போனபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. வேறு பேணி தா என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடி எனக்கு வாய்த்தது.

அவன் திடலை விட்டுப் போய்விடுவான் என்று எதிர்பார்த்தேன். போகவில்லை. இரண்டாம் பாதி முழுவதும் ஆடினான். இறுப்பிட்டி அணி ஒரு கோல் போட்டது. ஆட்டம் முடியுந் தறுவாயில் இளையவன் இடப்புறத்திலிருந்து ஒரு பந்தைத் தாழ்வாக உருட்டினான். நான் கரும்பலகையில் வரைந்த அதே வழியில் அது வந்தது. வாயிலில் ஆளில்லை. நடுவில் ஆடுபவன் அதை நோக்கி ஓடினான். வேண்டுமென்று விட்டவன் அல்லன். அந்தக் கோலை அவன் எவ்வளவு விரும்பினான் என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் கால் மணலில் இழுபட்டது. அவன் விழுந்தான். பந்து அவனுக்கு ஒரு முழம் அப்பால் உருண்டு வெளியே போயிற்று.

வாயிற்காவலன் மட்டும் போய் அவனைத் தூக்கிவிட்டான்.

கூட்டம் கலையுமுன்னரே தமையனார் முடிவை அறிவித்தார். தலைவன் என்ற முறையில் நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் அது நின்றிருக்கும். சொல்லவில்லை. நான்கு நாட் கழித்து அவ்விருவரையும் ஊரிற் காணவில்லை.

தாய் அதன்பின் எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரவில்லை. பத்து நாள் சென்றபின் பாடசாலைக்கு வந்து என் வகுப்பு வாயிலில் நின்றாள்.

“யாழ்ப்பாணத்திலை அவங்கடை முகாம் இருக்காம். போய்க் கேட்டா சில தாய்மாருக்குப் பிள்ளையளைத் திருப்பிக் குடுத்தவங்களாம். ஒரு கடிதம் எழுதித் தாங்கோ, ஐயா. உங்கடை எழுத்துக்கு மதிப்பு இருக்கும்.”

மாணவர்களுக்கு வேலை கொடுத்துவிட்டு எழுத அமர்ந்தேன். கணவனை இழந்தவள், ஒரே மகன், முதுமை, வறுமை என்று இரண்டு பக்கம் எழுதினேன். அன்றைய நிலையில் என்னால் இயன்ற மிகச் சிறந்த தமிழ் அது. அவளுக்குப் படித்துக் காட்டினேன். அவள் சுவரைப் பிடித்தபடி நின்று முழுதும் கேட்டாள்.

“நல்லாத்தான் எழுதியிருக்கிறியள். ஆனா அவன் ஏன் போனவன் எண்டு இதிலை இல்லையே?”

“அது அவங்களுக்கு எழுதித் தேவையில்லை.”

“அவங்களுக்கில்லை, ஐயா. அவன் வாசிப்பானெல்லே. நீங்கள் அதை எழுதியிருக்கிறியள் எண்டு கண்டா, சிலநேரம்...” என்று நிறுத்தினாள்.

பாடவேளை முடிந்த மணி அடித்தது. அடுத்த வகுப்புப் பிள்ளைகள் வாயிலில் நெருக்கத் தொடங்கினார்கள். நான் கடிதத்தை மடித்து அப்படியே கொடுத்தேன். அவள் அதைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு பேருந்துக்குப் போனாள்.

அடுத்த ஆண்டு மாரிக்கு முன்னர் அவன் இறந்துவிட்டான் என்ற செய்தி ஊருக்கு வந்தது. உடல் வரவில்லை. இளையவனைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. செத்த வீட்டுக்குப் போனேன். பெண்கள் நடுவில் அவள் அமர்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து, இருக்கப் பாய் போடும்படி யாரிடமோ சொன்னாள். கடிதம் அவன் கைக்குச் சேர்ந்ததா என்று அங்கே கேட்க முடியவில்லை, பின்னரும் கேட்கவில்லை.