கேட் பெட்டியில் கிடந்த போன்

கடைசித் தேர்வன்று வீட்டில் இருந்தது நானும் அக்காவும், அவள் புகுந்த வீட்டிலிருந்து இரவல் வாங்கி வந்த லேப்டாப்பும்தான். அப்பா லோடு லாரியில் போயிருந்தார். அம்மா எம். புதுப்பட்டிப் பட்டாசுக் கம்பெனியில் திரி சொருகிக்கொண்டிருந்தாள். அவளுடைய போனும் அவளோடு போய்விட்டது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்தவன் நான் ஒருவன்தான். தபால்வழியில் பி.காம். சேர்ந்தபோது வீட்டிலிருந்த ஒரே போன் அம்மாவுடையது. அந்த எண்ணைத்தான் கொடுத்தேன். முதல் வருடம் புத்தகங்கள் தபாலில் வந்தன. கட்டைப் பார்த்து அம்மா, "தீவாளி கிப்ட்டுப் பெட்டியாய்யா?" என்றாள். ஞாயிறுதோறும் விருதுநகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வகுப்பு. பிறகு வகுப்பு நின்று வீடியோ வந்தது. புத்தகம் நின்று ஆப் வந்தது. கடைசியில் தேர்வே வீட்டுக்கு வந்துவிட்டது. எல்லாம் எனக்காகவே மாறுவதாக நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

ஒரே ஒரு தாள் அரியர். அதற்கு அதுவே கடைசி வாய்ப்பு. தவறினால் எழுதித் தேறியது எதுவும் செல்லாது. முதல் வருடத்திலிருந்து சேர வேண்டும்.

அதுவரை பாஸ்வேர்டு போதும். அன்று புதிதாக ஓடிபி கேட்டது. அது அம்மா எண்ணுக்குப் போயிற்று. வெடிமருந்து இருக்கும் இடத்தில் போன் ஆகாது. அணைத்து, கேட்டில் இருக்கும் மரப்பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள். அரை மணிக்குள் நுழையாவிட்டால் தேர்வு மூடிவிடும். அக்கா போனிலிருந்து கம்பெனி வாட்ச்மேனை அழைத்தேன்.

"அண்ணாச்சி, அம்மா போனை ஆன் பண்ணி, வர்ற நம்பரை மட்டும் சொல்லுங்க."

"ஏலே, அடுத்தாளு போனைத் தொட்டா என் வேலை போயிரும். இரு, உங்கம்மாவையே வரச் சொல்லுதேன்."

வீட்டிலிருந்து போன் என்று மட்டும் ஆள் அனுப்பினார். எங்கள் பக்கம் கம்பெனியிலிருந்து வீட்டுக்குத்தான் அவசரமாகப் போன் வரும். வீட்டிலிருந்து வந்தால் சாவுதான் என்று அம்மா ஓடியிருக்கிறாள். கம்பெனிக்குள் யாரும் ஓடக் கூடாது. ஒருத்தி ஓடினால் எங்கேயோ தீப்பிடித்தது என்றுதான் அர்த்தம். ரூம் ரூமாகப் பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு வேலிப் பக்கம் ஓடினார்கள். விழுந்ததில் ஒருத்திக்கு முழங்கால் கிழிந்தது.

"என்னய்யா, யாருக்கு என்ன? அப்பாவுக்கா?" வாட்ச்மேன் போனில் அம்மாவுக்கு மூச்சிரைத்தது.

"ஒண்ணுமில்லம்மா. உன் போன்ல நம்பர் வந்திருக்கும், வாசி."

"இதுக்காய்யா கூப்பிட்ட?"

பெட்டியிலிருந்து தன் போனை எடுத்து, ஆன் பண்ணி, ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள். சரியாகத்தான் சொன்னாள். அதற்குள் தேர்வு மூடியிருந்தது. அவளுக்குப் பின்னால் போர்மேன் கத்தினார்: "சீசன் நேரத்துல அம்புட்டுப் பேரையும் கிளப்பி விட்டுட்டியே! தீவாளி கழியுற வரைக்கும் இங்கன காலை வச்சுராத."

"மகன் பரிச்சை எழுதுதான் சார்" என்று அம்மா சொன்னது எனக்கும் கேட்டது.

பல்கலைக்கழகத்துக்கு எழுதினேன். புதிதாகச் சேரலாம் என்று உடனே ஒரு பதில் வந்தது. படித்துப் பார்த்து யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. நான் சேரவில்லை. இத்தனை வருடம் கட்டிய ஃபீஸ், அம்மாவுக்குக் கிடைக்காமல் போன சீசன் சம்பளம், போனஸ் எல்லாவற்றையும் அக்கா தன் போனில் கூட்டி, அம்மாவுக்குத் தெரியாமல் என்னிடம் காட்டினாள். நாற்பத்தேழாயிரத்து அறுநூறு ரூபாய்.