அக்கா திருப்பித் தராத சிப்பாய்

ஜெயமங்கலத்துப் பள்ளிக்கு என்னை மாற்றியபோது ஒரு பெட்டி துணி, ஒரு ஸ்டவ், ஒரு சதுரங்கப் பலகை, அதைப் பற்றிய புத்தகம் ஒன்று, இவ்வளவுதான் என் குடும்பம். மாடி போர்ஷனில் தனியாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமலே பொழுது போய்விடும். சும்மா இருக்கும் பாத்திரங்களின்மேல் எரிந்து விழுவேன்.

கீழே குடியிருந்த வீட்டுக்கார அக்கா, வெளியூர் போய்விட்ட மகனோடு ஆடிப் பழகியவர். பலகையைப் பார்த்ததும் "ஒரு ஆட்டம் போடுவமா டீச்சர்?" என்றார். அதிலிருந்து ஞாயிறு மத்தியானம் எங்களுடையது.

எனக்குப் பொறுமை கிடையாது. அதனால் புத்தகத்தில் 'கிங்ஸ் கேம்பிட்' என்ற பழைய தொடக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். இரண்டாவது நகர்த்தலிலேயே, ராஜாவுக்குப் பக்கத்து மந்திரியின் முன்னால் நிற்கும் சிப்பாயை எதிரியின் வாயில் கொண்டுபோய் வைக்க வேண்டும். அவர் வெட்டினால் அவருடைய சிப்பாய் நடுவிலிருந்து விலகிவிடும், நடுப்பலகை நமக்கு. நம் சிப்பாய் போன வரிசை வழியாக யானை எதிரி ராஜாவின் வாசல்வரை பார்க்கும். நம் ராஜாவின் கதவும் திறந்துதான் கிடக்கும், அது வேறு விஷயம். கிடைத்த சிப்பாயை விடாமல் கட்டிக் காப்பவர்தான் அடி வாங்குவார் என்று புத்தகத்தில் இருந்தது. அக்காவை அப்படி மடக்க வாரம் முழுக்கப் படித்தேன்.

அக்கா வெட்டினார். நான் குதிரையை எடுத்து வைத்தேன். அவர் உடனே தன் ராணிக்கு முன்னிருந்த சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி, என் சிப்பாய் வெட்டுகிற இடத்தில் நிறுத்தினார்.

"என்னக்கா, வாங்கினதைத் திருப்பிக் குடுக்குறீங்க?"

"வெறும் ஏனத்தையா திருப்பிக் குடுப்பாக டீச்சர்?"

ஆட்டம் சமமாகிவிட்டது. படித்த தாக்குதல் ஒன்றும் எடுபடவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் இதே கதை. நான் குழம்பு கொடுத்தனுப்பும் ஏனமும் அப்படித்தான், அந்தக் கிண்ணம் முருங்கைக்காயோ வாழைப்பழமோ இல்லாமல் மாடி ஏறியதில்லை. அடுத்த தெருவிலிருந்த தன் தங்கச்சியின் கிண்ணத்தை மட்டும் கழுவாமல்கூடத் தூக்கிக் கொடுப்பார். அவள் திட்டிக்கொண்டே வாங்கிப் போவாள். எனக்கு அவள்மேல் ஒரே வயிற்றெரிச்சல். என்னிடம் மட்டும் கடன்போல எதையும் மிச்சம் வைக்காமல் தீர்த்துவிடுகிறாரே என்று அழுகை வரும்.

மாற்றல் வந்தது. சாமான் ஏற்ற வண்டி வருவதற்குள் கடைசியாக ஓர் ஆட்டம் உட்கார்ந்தோம். சிப்பாயை வைத்தேன், வெட்டினார், குதிரையை வைத்தேன். அவர் யோசித்துக்கொண்டே இருந்தார். வாசலில் டிரைவர் ஹாரன் அடித்தார். ஆட்டத்தை அப்படியே கலைத்துக் காய்களைப் பெட்டியில் அள்ளிப் போட்டோம்.

புது ஊரில் பெட்டியைத் திறந்தால், நான் ஆடும் வெள்ளையில் ஒரு சிப்பாய் குறைந்தது. எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிட்டேன்.

"அக்கா, ஒரு சிப்பாயைக் காணோம்."

"ஏங்கிட்டதான் இருக்கு. குடுக்க மாட்டேன், போடி."

பூத்துக்காரர் பார்க்கிறார் என்றும் பாராமல் அழுதேன்.

இப்போதும் பலகையை விரித்தால் மந்திரிக்கு முன்னால் அந்த ஒரு கட்டம் காலி. எப்படியும் கொடுக்கப்போகிற சிப்பாய்தான். இந்த ஊரில் வாங்கிக்கொள்ள எதிரே ஆள் இல்லை.