ஒண்ணேகால் அம்மாவின் ஞாயிற்றுக்கிழமை

தொழிற்பேட்டையில் அவளுக்கு ‘ஒண்ணேகால் அம்மா’ என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனால் அவள் ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே, “ஒண்ணேகால் வருது” என்று காவலாளி உள்ளே போன் போட்டுவிடுவார். கிரேன்களையும் அவற்றின் கொக்கி, சங்கிலிகளையும் சோதித்துச் சான்றிதழ் கொடுப்பது அவள் வேலை. ஒரு டன் தூக்கும் என்று எழுதியிருக்கிற கிரேனில் ஒன்றேகால் டன்னைத் தொங்கவிடச் சொல்லி, தள்ளி நின்று, பத்து நிமிடம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பாள். தாங்கினால் கையெழுத்து. “போன மாசம்தான் மேடம் புதுசா மாட்டினோம்” என்று மேனேஜர் குழைந்தால், “ரொம்ப சந்தோஷம். ஏத்துங்க” என்பாள். பிஸ்கெட் தட்டெல்லாம் அவளிடம் எடுபடாது.

ஆலை ஓடும்போது இந்தச் சோதனை நடக்காது. அதனால் பத்தொன்பது வருடமாக ஞாயிற்றுக்கிழமை என்பது அவளுக்கு வேலை நாள். கணவருக்கோ கேக் கடை. ஞாயிறு மதியத்தோடு ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டில் தனியாகக் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பார். இந்த வருடம் அவளுக்குப் பதவி உயர்வு வந்தது, கூடவே ஞாயிறு விடுமுறையும் வந்தது. சம்பளம் எவ்வளவு ஏறியது என்றுகூட அவள் கேட்கவில்லை. கொல்லைப்புறத்தில் இரண்டு மரங்கள் பூக்காமல், காய்க்காமல் தண்டத்துக்கு நின்றுகொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே ஒரு தொங்குபடுக்கை கட்டி, இவரும் தானுமாக ஒரு மதியம் முழுக்க ஒன்றும் செய்யாமல் படுத்துக்கிடக்க வேண்டும். அவள் ஆசை அவ்வளவுதான்.

கடைக்கு இருவரும் போனார்கள். கடைக்காரர் முதலில் வலைப் பின்னலைக் காட்டினார். அவள் கடை நடுவிலேயே ஏறிப் படுத்து, ஐந்து நிமிடம் கழித்து, கன்னத்தில் கட்டம் கட்டமாகத் தடம் பதிந்து எழுந்தாள். அடுத்தது இரண்டு பக்கமும் கட்டை வைத்து விரித்தது. பார்க்க அழகாக இருந்தது. புரண்டு படுத்ததும் அவளைச் சாதுவாகத் தரையில் இறக்கிவிட்டது. மூன்றாவது நீல நிறக் கெட்டித் துணி. “நேரா படுக்காதீங்க மேடம், குறுக்கால சாஞ்சு படுங்க. முதுகு வளையாது” என்றார் கடைக்காரர். அப்படியே படுத்தாள். பத்தொன்பது வருடம் அண்ணாந்து பார்த்த கழுத்து முதல் தடவையாக, ‘அப்பாடா’ என்றது.

“நீங்களும் படுத்துப் பாருங்களேன்.”

“நீ பாத்தா போதாதா?” என்றார் கணவர், பக்கத்திலிருந்த கூடாரத்தின் முளைக்குச்சிகளை எண்ணியபடி.

“ரெண்டு பேர் எடை எவ்வளவு மேடம்? அதுக்குத் தக்கன எடுக்கணும்” என்றார் கடைக்காரர்.

“எனக்கு அறுபத்துநாலு” என்று பட்டென்று சொல்லிவிட்டுக் கணவரைப் பார்த்தாள்.

“எழுபத்தெட்டு” என்றார் அவர், கூடாரத்திடம்.

போன வருடம் மருத்துவர் எடையைக் குறைக்கச் சொன்னதிலிருந்து அவர் தினமும் மாலையில் ஷூ மாட்டிக்கொண்டு நடக்கப் போகிறார். குறைந்திருக்கும் என்று அவளும் நினைத்தாள். இரண்டும் சேர்த்து நூற்றுநாற்பத்திரண்டு. அதற்கு ஒன்றேகால் மடங்கு நூற்றெழுபத்தேழரை. நீலத்துணி நூற்றெண்பது தாங்கும் என்று அட்டையில் போட்டிருந்தது. வாங்கிவிட்டார்கள்.

அட்டை சொன்னால் அவள் நம்பிவிடுவாளா? பக்கத்து வீட்டில் கட்டட வேலை நடந்ததால் மணலுக்குப் பஞ்சமில்லை. எடைபார்க்கும் மெஷின்தான் இரண்டு மாதமாகக் கண்ணைத் திறக்கவில்லை. திறந்து பார்த்தால் உள்ளே பேட்டரியே இல்லை. புதிதாகப் போட்டு, இருபத்தைந்து கிலோவாக ஏழு மூட்டை நிறுத்து, இரண்டரை கிலோவுக்கு ஒரு சின்னப் பையும் சேர்த்து, மரங்களுக்கு நடுவே கட்டிய துணியில் எல்லாவற்றையும் தொட்டிலில் பிள்ளையைப் போடுகிற பதத்தில் அடுக்கினாள். பத்து நிமிடம் பார்த்தாள். கயிறு அசையவில்லை. மரமும் முதல் தடவையாக ஒரு வேலைக்கு உதவியது.

“வாங்க, படுக்கலாம்.”

“இப்பதானே சாப்பிட்டேன். நீ படு, நான் ஆட்டிவிடறேன்” என்று பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒற்றை விரலால் ஆட்டிவிட்டார். அடுத்த ஞாயிறு முதுகில் ஏதோ பிடிப்பு. அதற்கடுத்த ஞாயிறு, எறும்பு இருக்கும் என்றார்.

இருவர் படுக்கிற துணியில் ஒருத்தியாகப் படுத்துக்கொண்டு அவள் இலைகளைப் பார்த்தாள். அழுகை வருகிற மாதிரி இருந்தது. இத்தனை வருடம் தனித்தனியாக இருந்து பழகிவிட்டோம், இவருக்கு இனி பக்கத்தில் ஆள் தேவையில்லை போலிருக்கிறது என்று நினைத்தாள். கிரேனாக இருந்தால் ஏற்றிப் பார்த்திருக்கலாம். இவரை என்ன செய்வது?

நாலாவது ஞாயிறு, ஒற்றை விரலால் ஆட்டியபடியே அவர் கேட்டார்: “அன்னிக்கு எத்தனை மூட்டை வெச்சே?”

“ஏழு. ஏன்?”

“இன்னும் கொஞ்சம் ஏறினா என்ன ஆகும்?”

“எவ்வளவு?”

“சும்மா ஒரு பேச்சுக்கு. ஒரு இருபது.”

அவள் எழுந்து உட்கார்ந்தாள். தொழிற்பேட்டை மேனேஜர்கள் பார்த்து நடுங்குகிற பார்வை அது. அவர் அரை நிமிடம்கூடத் தாங்கவில்லை.

“தொண்ணூத்தெட்டு. பேட்டரியை நான்தான் கழட்டினேன்.”

“அப்ப தினம் நடக்கப் போறது?”

“போறேனே. பூங்கா வரைக்கும் போவேன். முட்டி வலிக்கும். அங்க ஒரு பெஞ்சு இருக்கு, ஒரு மணி நேரம் உக்காந்துட்டு வந்துடுவேன். டாக்டர் சொன்னப்ப உன் முகம் போன போக்கைப் பாத்தேன். அதுக்கப்புறம் குறையலைன்னு எப்படிச் சொல்றது?”

அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. எந்த முதலாளி பேச்சையும் நம்பி அவள் கையெழுத்துப் போட்டதில்லை. நிறுத்துப் பார்க்காமல் ஒத்துக்கொண்டது இந்த ஒரே ஒரு எடையைத்தான். நாலு ஞாயிறு வீணாய்ப் போனது வேறு நெஞ்சை அறுத்தது. ஆனாலும் கணக்கு தானாகவே மண்டைக்குள் ஓடியது: அறுபத்துநாலும் தொண்ணூற்றெட்டும் நூற்றறுபத்திரண்டு.

“தாங்கும். வந்து படுங்க” என்றாள்.

“நிஜமாவா?”

“அந்தக் கால் பங்கு எதுக்குன்னு நினைச்சீங்க? எடையை எல்லாருமே குறைச்சுத்தான் சொல்லுவாங்க.”

“அப்ப என்னையும் நம்பலையா நீ?”

“உங்களை நம்பினேன். கயித்தைத்தான் நம்பல.”

அவர் செருப்பைக் கழற்றினார். ஒரு காலை வைத்தார், எடுத்தார், கண்ணை மூடிக்கொண்டு மொத்தமாக விழுந்தார். மரங்கள் ஒருமுறை முனகின. துணி புல்லுக்கு நாலு விரல்கடை மேலே வந்து நின்றது. அந்தப் பள்ளத்தில் அவள் உருண்டு வந்து அவர் விலாவில் முட்டினாள். குறுக்கே சாய்வதாவது, ஒன்றாவது! இனி ஒருவர் எழுந்தால்தான் மற்றவர் எழ முடியும் என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. யாரும் முயற்சி செய்யவில்லை.

“கோவமா?” என்றார் அவர், வெகுநேரம் கழித்து.

“நாளைக்கு அந்த பெஞ்சைக் காட்டுங்க.”

“உக்கார மாட்டேன். இனிமே நடக்கறேன், சத்தியமா.”

“ரெண்டு பேர் உக்கார இடம் இருக்கான்னு பாக்கணும்” என்றாள் அவள்.